விளக்கணைந்ததும் வியர்த்த ஸ்ட்ராபெர்ரி அறை

1. மெஷினில் கோளாறு இல்லை

"அண்ணே, ஏசியெல்லாம் நல்லா ஓடுது. ஆனா பழம் பூரா நரைச்சுப் போகுது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

போனில் பேசிய பெண் தன் பெயர் எஸ்தர் என்றார். மதுரை அண்ணா நகரில் நான் ஃப்ரீசர் சர்வீஸ் பார்க்கும் ஒரு பேக்கரிக்காரர்தான் என் நம்பரை அவருக்குக் கொடுத்திருந்தார்.

கூலிங் பத்தலை, தண்ணி ஒழுகுது, சத்தம் வருது என்று எத்தனையோ கம்ப்ளெயிண்ட் கேட்டிருக்கிறேன். ஏசி நன்றாக ஓடுகிறது என்று சொல்லி மெக்கானிக்கைக் கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான். கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தெரிந்தவர்கள் கூப்பிட்டால் மட்டும் போய்க்கொண்டிருந்த காலம் அது. வீட்டில் எங்கள் சௌராஷ்டிர பாஷையில் மனைவி கேட்டாள், "பழத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" எனக்கும் தெரியவில்லை. அதனாலேயே கிளம்பினேன்.

சோழவந்தான் ரோட்டில், வயலை ஒட்டிய ஒரு பழைய நெல் குடோன். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே கால் வைத்தால் கொடைக்கானல். சுவரெல்லாம் சூடு புகாத பஃப் பேனல் அடித்து, கதவுக்கு ரப்பர் பீடிங் போட்டு, ஈ எறும்பு நுழையாமல் அடைத்திருந்தார்கள். நான்கு வரிசை இரும்பு ரேக். ஒவ்வொரு ரேக்கிலும் தட்டுத் தட்டாக நீளமான தொட்டிகள், அவற்றில் தேங்காய் நார்த்தூள், அதில் செடிகள். தலைக்கு மேல் எல்.இ.டி. விளக்குகள். மதுரை வெயிலுக்கு நடுவே ஸ்ட்ராபெர்ரி காய்த்துக்கொண்டிருந்தது.

எஸ்தருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். அரசு உதவிபெறும் மிஷன் பள்ளி ஒன்றில் உயிரியல் டீச்சர். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு இதை ஆரம்பித்திருந்தார். கிறிஸ்துமஸுக்குள் திரும்பி வருகிறாரா இல்லையா என்று பள்ளிக்குச் சொல்லிவிட வேண்டும். பேக்கரிக்காரர் கிறிஸ்துமஸ் கேக்குக்கு இவருடைய பழத்தைத்தான் நம்பியிருந்தார். ஆனால் முதல் ஈட்டில் பாதிக்குப் பாதி குப்பைக்குப் போயிருந்தது.

வேலை பார்க்கும் பாண்டியம்மாள் ஒரு வாளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பக்கத்து ஊர்க்காரர், கை சுறுசுறுப்பு. வாளிக்குள் சிவப்புப் பழங்கள்மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது.

"எம்புட்டு பழம் பாருங்கண்ணே. நேத்து நல்லாருந்துச்சு. காலையில வந்து பாத்தா கிழவன் தாடி மாதிரி நிக்குது. அள்ளிக் கொட்டக் கொட்ட எனக்கு நெஞ்சு எரியுது."

நான் என் வேலையைச் செய்தேன். கேஜ் மாட்டி கேஸ் பிரஷர் பார்த்தேன். ஆம்பியர் பார்த்தேன். ஏசிக்குள் குளிரும் குழாய்ச் சுருளான கூலிங் காயில் சுத்தம், ஃபில்டர் சுத்தம், டிரெயின் பைப்பில் தண்ணீர் ஒழுங்காகப் போகிறது. எல்லாம் சரி.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல டீச்சர்."

"மெஷின் நல்லாத்தான் இருக்குண்ணே. ரூம்தான் நல்லால்ல" என்றார் எஸ்தர். "வெளக்கை அணைக்கிற வரைக்கும் இருங்க. அப்புறம் சொல்லுங்க."

2. பிளாஸ்டிக் கிரேட்டில் உட்கார்ந்து

சாயங்காலம் டைமர் விளக்கை அணைத்தது. நாங்கள் மூவரும் பழம் வைக்கும் கிரேட்டுகளைக் கவிழ்த்துப்போட்டு அறைக்குள்ளேயே உட்கார்ந்தோம். கையில் ஹ்யூமிடிட்டி மீட்டர், செல்போன் வெளிச்சம்.

விளக்கு எரிந்தபோது ஈரப்பதம் அறுபத்தைந்து சதவீதத்தை ஒட்டி இருந்தது. அணைந்த கொஞ்ச நேரத்தில் முதல் ஏசியின் கம்ப்ரசர் 'டக்'கென்று நின்றது. பிறகு இரண்டாவது. எழுபது, எழுபத்தெட்டு, எண்பத்தைந்து என்று மீட்டர் ஏறிக்கொண்டே போனது. தொண்ணூற்றைத் தாண்டியதும் எஸ்தர் செல்போன் வெளிச்சத்தை ஒரு செடியின்மேல் அடித்தார். பழத்தின்மேல் பொடிப்பொடியாக நீர். நான் பேனல் சுவரைத் தொட்டேன். கை நனைந்தது.

"ரூமுக்கே வேர்த்துருச்சு" என்றார் பாண்டியம்மாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏசி இரண்டு வேலை செய்கிறது. சூட்டை எடுக்கிறது, அதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் காயிலில் பிடித்து வெளியே விடுகிறது. ஆனால் அது சூட்டை மட்டும் பார்த்துத்தான் ஓடும். விளக்கு எரியும்வரை அதன் சூட்டோடு மல்லுக்கட்டி, ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. விளக்கு அணைந்தால் சூடு இல்லை. செட் பண்ணிய டெம்பரேச்சர் வந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடுகிறது. செடியும் நனைந்த நார்த்தூளும் மட்டும் நிற்காமல் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கின்றன. காற்று குளிரக் குளிர அதனால் தாங்கக்கூடிய ஈரமும் குறைகிறது. மிச்சம் எங்கே போகும்? சர்பத் தம்ளருக்கு வெளியே முத்து முத்தாக நிற்பதுபோல இலையிலும் பழத்திலும் வந்து நிற்கிறது. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கம்ப்ரசர் நின்ற பிறகும் ஏசியின் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. காயிலில் பிடித்து வைத்த தண்ணீரை அதுவே மறுபடி அறைக்குள் ஊதியது. அதை மட்டும் அன்றைக்கே மாற்றினேன். கம்ப்ரசர் நின்றால் அதன் ஃபேனும் நிற்க வேண்டும். காற்றைக் கலக்கித் தருவதற்குத் தனியாகச் சுவர் ஃபேன் போடலாம் என்று சொன்னேன்.

"அப்ப வழி இருக்காண்ணே?" என்று கேட்டார் எஸ்தர்.

"இருக்கு டீச்சர். ஆனா நான் இதுவரைக்கும் செஞ்சது இல்ல. சேந்துதான் பாக்கணும்."

3. காய்ந்ததும் கருகியது

மருந்து மொத்த வியாபாரம் செய்யும் என் பழைய கஸ்டமர் ஒருவரின் குடோனில் ஒரு டீஹ்யூமிடிஃபையர் சும்மா கிடந்தது. காற்றிலிருந்து ஈரத்தை மட்டும் எடுக்கும் மெஷின். கேட்டேன். "மழைக்காலம் வந்தா எனக்கு வேணும் ராம்ஜி, அதுவரைக்கும் வச்சுக்கங்க" என்றார்.

கொண்டுவந்து மாட்டி, ஐம்பதில் செட் பண்ணினேன். பூஞ்சையை ஒரேயடியாக ஒழித்துவிட வேண்டும் என்ற வேகம். பலன் உடனே தெரிந்தது. மெஷினின் தொட்டி நிறைய நிறையத் தண்ணீர். காலையில் பழங்கள் பளபளவென்று இருந்தன. பாண்டியம்மாள் வாளியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டார். எஸ்தர் எனக்கு ஒரு டப்பா பழம் கொடுத்தனுப்பினார். என் மனைவி ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "புளிப்பா இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அந்தச் சந்தோஷம் அடுத்த வாரம்வரை நிற்கவில்லை. எஸ்தர் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

போய்ப் பார்த்தேன். நடுவிலிருந்து வரும் இளங்குருத்தெல்லாம் நுனி கருகியிருந்தது, நெருப்பில் காட்டிய காகிதம் மாதிரி. பூவின் அடியிலுள்ள புல்லிதழ்கூடக் கருகியிருந்தது. காற்று ஊதும் இடத்தில்தான் அதிகம். ஏதாவது மருந்து அடித்தீர்களா என்று கேட்டேன். எஸ்தர் இல்லையென்று தலையாட்டினார்.

"மருந்தில்லண்ணே. கால்சியம் போய்ச் சேரல. பெரிய இலை பகல்ல தண்ணிய இழுத்து ஆவியா விடுது, அதோட கால்சியமும் அங்கயே போயிருது. சின்ன குருத்துக்கு அந்த இழுப்புச் சக்தி கெடையாது. ராத்திரி ஆவி போறது கொறையுறப்ப, வேரு தண்ணிய மேல தள்ளும் பாருங்க, அப்பத்தான் குருத்துக்குப் பங்கு கெடைக்கும். நம்ம ராத்திரியையும் காயப்போட்டுட்டோம்."

பாடம் நடத்துகிற குரலில்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் கண் கலங்கிவிட்டது. "பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக் குடுத்ததுதான். என் ரூம்ல நடக்கும்போது எனக்குத் தோணல" என்றார்.

"எனக்கு ஈரம்னாலே எதிரின்னு நெனப்பு டீச்சர். ரெண்டு பேரும் இன்னைக்குத்தான் ஒண்ணா யோசிக்கிறோம்" என்றேன்.

இருட்டு நேரத்தில் எழுபதுக்குக் கீழே போகக்கூடாது, எண்பதைத் தாண்டி நிற்கக்கூடாது என்று முடிவு செய்தோம். இது அந்த அறைக்கு, அந்தச் செடிக்கு நாங்கள் பார்த்துப் பார்த்து வைத்த கணக்கு. வேறு பயிருக்கு இதை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கூடவே சின்னச் சின்ன மாற்றங்கள். கடைசித் தண்ணீரை விளக்கணைய வெகுநேரம் முன்பே நிறுத்தினோம். விளக்கை ஒரேயடியாக அணைக்காமல் வரிசை வரிசையாக அணைத்தோம், ஏசி திடீரென்று நின்றுவிடாமல் இருக்க. காற்று தேங்கும் அடியிலைகளைப் பாண்டியம்மாள் கிள்ளி எடுத்தார். குருத்து மறுபடி பச்சையாக வரத் தொடங்கியது.

ஆனால் மெஷின் இரவல் வாங்கியது. மழை வந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

4. ஷட்டவுன் நாள்

எஸ்தரின் கணவர் ஜெபராஜ் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த இரண்டு சம்பளத்தில் ஒன்று நின்றுபோனதும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. குடோனுக்கு வரும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. ஊட்டில வெளையுறதை இங்க வெளைய வைக்கணும்னு என்ன வேண்டுதலா? கவர்மெண்ட் சம்பளம்ணே. யாராச்சும் விடுவாங்களா?"

எஸ்தர் எழுந்து செடிகளிடம் போய்விடுவார்.

ஒரு சனிக்கிழமை அந்தப் பக்கம் முழுக்க மாதாந்திர மின்தடை. அவர்களிடம் இருந்த ஜெனரேட்டர் சின்னது. விளக்கையும் ஏசியையும் சேர்த்துத் தாங்காது. எஸ்தர் பேக்கரிக்குப் பழம் கொடுக்கப் போயிருந்தார். லீவு நாள் என்பதால் ஜெபராஜ் காவலுக்கு இருந்தார். எனக்குப் போன் செய்தார்.

"எதை ஓட்டட்டும்ணே? வெளக்கா, ஏசியா?"

"வெளக்கை விட்ருங்க. ஏசியும் ஃபேனும் ஓடட்டும். டீஹ்யூமிடிஃபையரும் வேணாம், ஜெனரேட்டர் இழுக்காது. நான் வாரேன்."

போய்ச் சேரும்போது உச்சி வெயில். அறைக்குள் கும்மிருட்டு. ஜெபராஜ் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். வெளக்கை அணைச்சா ரூம் வேர்க்கும்னுதானே எஸ்தர் சொல்லுவா? இம்புட்டு நேரமாச்சு, இன்னைக்கு வேர்க்கலையே?"

மீட்டரை வாங்கிப் பார்த்தேன். எழுபத்து நாலு. சுவரைத் தொட்டேன். காய்ந்திருந்தது. தலைக்கு மேலே ஏசி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

கூரையை அண்ணாந்து பார்த்தேன். மதுரை வெயில் கூரை வழியாகவும் சுவர் வழியாகவும் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிறது. விளக்கு இல்லாவிட்டாலும் ஏசிக்கு வேலை இருக்கிறது. வேலை இருக்கும்வரை அது ஈரத்தையும் எடுக்கும். எந்த வெயிலை எதிரி என்று நினைத்துச் சுவர் கட்டினோமோ, அதுவே அறையை உலர்த்திக்கொண்டிருந்தது.

"சார், நல்ல கேள்வி கேட்டீங்க" என்றேன்.

"நான் என்னண்ணே கேட்டேன்?"

"செடிக்கு ராத்திரிங்கிறது நம்ம அணைக்கிற நேரந்தானே? அதைப் பகல்ல வச்சா என்ன?"

ஜெபராஜ் உடனே செல்போனை எடுத்து, "எஸ்தர், சீக்கிரம் வா. ஒரு விஷயம் கண்டுபிடிச்சிருக்கோம்" என்றார். அந்த 'கண்டுபிடிச்சிருக்கோம்' என்ற வார்த்தையை எஸ்தர் பிறகு பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். அதுவரை ஜெபராஜின் வாயில் 'உன் ரூம்' என்றுதான் வரும்.

எஸ்தர் வந்து கேட்டு, யோசித்து, ஒரேயடியாக மாற்றக்கூடாது என்றார். டைமரை நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, முடிவில் அந்தி சாயும்போது விளக்கு எரிந்து, காலையில் அணையும்படி கொண்டுவந்தோம். வெளியே குளிர்ந்த நேரத்தில் விளக்கு எரிவதால் ஏசிக்கும் அந்த நேரத்தில் சுமை குறைந்தது. பாண்டியம்மாளிடம், விடிந்ததும் வந்து விளக்கு அணைவதற்குள் பறிக்க முடியுமா என்று எஸ்தர் தயங்கிக் கேட்டார்.

"மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயிரலாமுல்ல? இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம் டீச்சர்" என்றார் பாண்டியம்மாள்.

5. அடைமழையில் ஹீட்டர்

ஐப்பசியில் மழை பிடித்தது. மருந்து வியாபாரி மெஷினைக் கேட்டார், கொடுத்துவிட்டோம். வெயில்தான் இருக்கிறதே என்ற தைரியம். ஆனால் மழை விடவே இல்லை. வானம் மூடிக் கிடந்தது. வெயில் இல்லாத பகலில் ஏசிக்கு வேலை இல்லை. மீட்டர் மறுபடி எண்பத்தைந்து, தொண்ணூறு.

கிறிஸ்துமஸுக்கான பூ முழுக்கப் பிஞ்சாகிக்கொண்டிருந்த நேரம். எஸ்தர் அழுதபடி பேசினார். "அண்ணே, ரெண்டு பழத்துல நரை வந்துருச்சு. ஸ்கூல்ல இருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் போன் பண்ணாங்க. வாரேன்னு சொல்லிரவா?"

"ரெண்டு பழத்தைக் கிள்ளி வெளிய போடுங்க. சிஸ்டர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. நான் கெளம்பிட்டேன்."

வெயில் செய்த வேலையை நாமே செய்ய வேண்டும், அவ்வளவுதான். டவுன் ஹால் ரோட்டில் இரண்டு ஃபின் ஹீட்டர் வாங்கினேன். ஈரம் ஏறினால் தானே ஹீட்டரைப் போட்டு, இறங்கினால் அணைக்கிற ஒரு கன்ட்ரோலர் வாங்கினேன். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஸ்கூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஓரிடத்தில் வண்டி நின்றேவிட்டது. ஜெபராஜ் கல்லூரிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு எதிரே வந்து, ஹீட்டரைத் தலையில் தூக்கிக்கொண்டார். நான் வண்டியைத் தள்ளினேன்.

"ஏசி ரூமுக்குள்ள ஹீட்டரா? வெளிய சொன்னா சிரிப்பாங்கண்ணே" என்றார், மழையில் நனைந்தபடி.

"சிரிக்கட்டும் சார். பொய்யா ஒரு வெயிலைக் காட்டுறோம். அதை நம்பி ஏசி ஓடும். ஓடுனா ஈரத்தை எடுக்கும். கரண்டு கொஞ்சம் கூட ஆகும். மழை விடுற வரைக்குந்தான்."

மாட்டி முடித்து, மீண்டும் கிரேட்டுகளில் உட்கார்ந்தோம். இந்தத் தடவை நான்கு பேர். ஹீட்டர் சூடேறியது. நின்றிருந்த கம்ப்ரசர் உறுமிக்கொண்டு எழுந்தது. எண்பத்தொன்பது. எண்பத்தாறு. எழுபத்தெட்டுக்கு வந்ததும் ஹீட்டர் தானாக அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து மீட்டர் ஏற, மறுபடி அதுவே எரிந்தது. பாண்டியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எஸ்தர் ஜெபராஜின் ஈரத் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் ஸ்பேனரைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஈட்டில் நரைத்த பழங்கள் ஒரு கை அளவுதான். பேக்கரிக்காரர் கேட்டது முழுவதும் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்குப் பேசியது எஸ்தர் அல்ல. "சிஸ்டர், அவங்க வரமாட்டாங்க. இங்க வேலை இருக்கு" என்று ஜெபராஜ்தான் சொன்னார். இப்போது இரண்டாவது அறைக்குப் பேனல் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பாண்டியம்மாள் அவருடைய ஊரிலிருந்து இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துவிட்டிருக்கிறார்.

6. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மெஷின் சரியாக இருந்தால் நம் வேலை முடிந்தது என்றுதான் எனக்குப் பழக்கம். பில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். எஸ்தர் டீச்சர் என்னை அன்று இருக்கச் சொல்லாவிட்டால் நானும் கிளம்பியிருப்பேன். ஏசி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் அந்த அறைக்கு வேண்டியது வேறு வேலை. அது தெரிய, அறைக்குள் இருந்து பார்க்க வேண்டும். அங்கே வளர்வதைப் பற்றித் தெரிந்தவரைக் கேட்க வேண்டும். வேண்டாம் வேண்டாம் என்று சொல்கிறவர் கேட்கிற கேள்வியையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

போன வாரம் கீழக்குயில்குடிப் பக்கம் ஒருவர் காளான் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கு நேர்மாறான கஷ்டம், ஈரம் நிற்கமாட்டேன் என்கிறது. அதற்கு என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியாது. டூல் கிட்டோடு ஒரு மடக்கு ஸ்டூலையும் வண்டியில் கட்டிக்கொண்டேன். கேஜை வெளியே எடுக்கவே இல்லை. முதலில் உள்ளே போய் உட்கார்ந்தேன்.